கற்றுக்கொடுத்தவரின் கதை

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் மதுரையில் எங்கள் கல்லூரித் திரைப்பட மன்றத்தில் பேசியபோது, ஜோடியாக ஆடும் பால்ரூம் நடனத்தைப் பற்றிய படங்களில் கறுப்பினத்தவரும் குடியேறிகளும் ஆட்டத்தைக் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றுவிடுகிறார்கள் என்றீர்கள். அதன் பிறகு மாணவர்களோடு ‘ஸ்ட்ரிக்ட்லி பால்ரூம்’ பார்த்தேன். அதில் ஸ்பெயினிலிருந்து வந்த, நாயகியின் அப்பாவும் பாட்டியும்தான் நாயகனுக்கு ஆட்டத்தின் உயிரையே காட்டுகிறார்கள். இதைவிட என்ன மரியாதை வேண்டும்? எங்கும் சாதியைப் பார்த்துப் பழகிய நம் கண் அங்கேயும் எதையோ தேடுகிறதோ என்று தோன்றியது. அடுத்த திரையிடலுக்கு ஏற்ற படம் ஒன்றையும் சொல்லுங்கள்.

ஒரு வாசகர், திருமங்கலம்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் சொல்லும் காட்சி எனக்கும் மிகப் பிடித்தது. ரயில் பாதையை ஒட்டிய வீட்டில் நாயகன் ஸ்காட் தனக்குத் தெரிந்த பாசோ டோப்ளே என்னும் ஸ்பானிய பாணி நடனத்தை ஆடிக் காட்ட, கூடியிருப்பவர்கள் சிரித்துவிடுகிறார்கள். பிறகு நாயகி ஃப்ரானின் அப்பா முதுகை நிமிர்த்திக்கொண்டு வந்து, குதிகாலால் தரையை அறைகிறார், சிரிப்பு அடங்கிவிடுகிறது. 1992-இல் வந்த அந்தப் படத்தில் இயக்குநர் பாஸ் லுர்மன் கேலி செய்வது போட்டி நடத்தும் சங்கத்தாரைத்தான், குடியேறிகளை அல்ல என்பதில் உங்களோடு முழுமையாக உடன்படுகிறேன்.

ஆனால் ஸ்காட்டுக்கு ஓர் ஏக்கமும், அம்மாவோடு ஒரு பிணக்கும், அப்பாவின் இளமை பற்றிய ஒரு ரகசியமும் இருக்கின்றன. கற்றுக்கொடுத்த மனிதர் எதற்காகக் கடல் கடந்து வந்தார், வந்த இடத்தில் என்ன பாடுபட்டார் என்ற கதை படத்தில் இல்லை. 1987-இல் வந்த ‘டர்ட்டி டான்சிங்’ படத்தில் இசைக்குழுத் தலைவராக வருபவர் ஹனி கோல்ஸ். காலணியால் தரையைத் தட்டித் தாளமிடும் டாப் நடனத்தின் பெரும் கறுப்பினக் கலைஞர்களுள் ஒருவர். நடனத்தைப் பற்றி எடுத்த படம் அப்படிப்பட்டவரைக் கையில் வைத்துக்கொண்டு அவரைச் சற்று நேரமே ஆடவிடுகிறது என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

நம் கண் என்றீர்கள். அந்தக் கண் இங்கே குறையாகாது, துணையாகவே இருக்கும். பால்ரூம் போட்டிகளில் ஆடும் ரும்பாவும் சா-சா-சாவும் கியூபாவிலிருந்து வந்தவை. சாம்பா பிரேசிலில் ஆப்பிரிக்க வழிவந்தவர்கள் வளர்த்தது. ஜைவின் மூலம் நியூயார்க் ஹார்லெமில் கறுப்பினத்தவர் ஆடிய லிண்டி ஹாப். இவற்றுக்கெல்லாம் அடி அளந்து, பெயர் வைத்து, மதிப்பெண் போடும்படி ஆக்கியதில் லண்டன் நடன ஆசிரியர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. ஸ்பானிய ஆட்டம் என்று நாம் நம்பும் போட்டிப் பாசோ டோப்ளேகூடப் பிரான்சில் வடிவம் பெற்றதுதான். அதன் அடவுகள் பலவற்றுக்கு இன்றும் பிரெஞ்சுப் பெயர்களே வழங்குகின்றன. 1930களில், தேவதாசி மரபினர் ஆடிவந்த சதிர் பரதநாட்டியமானபோது ஆட்டத்துக்குப் புதுப் பெயரும் புது மேடையும் கிடைத்தன. தலைமுறை தலைமுறையாக அதைக் காத்த குடும்பங்களுக்கு அந்த மேடையில் இடம் சுருங்கிப்போனது. இதை அறிந்த நாம் அதைக் காணாமல் இருக்க முடியுமா?

நிறத்துக்கு வருகிறேன். 1936-இல் ‘ஸ்விங் டைம்’ படத்தில் வெள்ளை நடிகர் ஃப்ரெட் அஸ்டேர், கறுப்பினக் கலைஞர் பில் ராபின்சனைப் போற்றும் பாடலுக்கு முகத்தில் கருமை பூசிக்கொண்டு ஆடினார். அந்த ராபின்சனுக்கோ முந்தைய ஆண்டு ‘தி லிட்டில் கர்னல்’ படத்தில் கிடைத்தது வேலைக்காரர் வேடம். பால்ரூம் போட்டிகளில் ரும்பா, சாம்பா முதலியவை அடங்கிய லத்தீன் பிரிவில் ஆடும் வெள்ளைப் போட்டியாளர்கள் உடம்பெல்லாம் வெண்கல நிறம் பூசிக்கொள்வது இன்றைக்கும் உள்ள வழக்கம். அதைப் பார்க்கும்போதெல்லாம் உசிலம்பட்டிப் பக்கம் ஒரு பங்குனித் திருவிழாவில் கண்டது நினைவுக்கு வருகிறது. பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் கரகாட்டக்காரப் பெண்மணி ஒருவர், கைக்கண்ணாடியைத் தூணில் சாய்த்து வைத்து, முகத்திலும் கழுத்திலும் ரோஸ் பவுடரை அப்பிக்கொண்டிருந்தார். முழங்கைக்குக் கீழே வந்தபோது டப்பா காலியாகிவிட்டது. “கறுப்பாத் தெரிஞ்சா அடுத்த வருசம் கூப்பிட மாட்டாங்கண்ணே” என்று சொல்லி, மிச்சத் தூளைத் தண்ணீரில் குழைத்துப் புறங்கைகளில் தேய்த்துக்கொண்டார். லத்தீன் போட்டியாளர்கள் பூசிக்கொள்ளும் வெண்கல நிறம் சில நாளில் தோலைவிட்டு நீங்கிவிடும், யாருடைய பிழைப்பும் அதனால் கெடாது. இவருக்கோ சொந்த நிறமே பிழைப்புக்கு இடைஞ்சலாக இருந்தது.

எல்லாப் படங்களும் ஒன்றுபோல இல்லை. 2005-இல் வந்த ‘மேட் ஹாட் பால்ரூம்’ ஆவணப்படத்தில் நியூயார்க் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் நடனம் பழகுகிறார்கள். டொமினிக்கன் குடும்பங்கள் நிறைந்த வாஷிங்டன் ஹைட்ஸ் பகுதிப் பள்ளி போட்டியில் வெல்கிறது. அந்தப் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கிய பியேர் டுலேன், இன்று இஸ்ரேலில் உள்ள ஜாஃபாவில் பாலஸ்தீனத் தாய்க்கும் ஐரிஷ் தந்தைக்கும் பிறந்தவர். 2006-இல் வந்த ‘டேக் தி லீட்’ படத்தில் அன்டோனியோ பாண்டெராஸ் அவராக நடித்தார். எனினும் உங்கள் மாணவர்களுக்கு நான் சொல்வது 2013-இல் வந்த ‘டான்சிங் இன் ஜாஃபா’. டுலேன் பிறந்த ஊருக்குத் திரும்பிச் சென்று, யூதப் பிள்ளைகளையும் பாலஸ்தீனப் பிள்ளைகளையும் ஜோடியாக ஆடவைக்க முயலும் படம் அது. எதிரே நிற்கும் பிள்ளையின் கையைத் தொடவே அவர்கள் எவ்வளவு தயங்குகிறார்கள் என்பதை அது நிதானமாகக் காட்டுகிறது. கற்றுக்கொடுப்பவரின் கதையும் அதில் இருக்கிறது. திரையிடும் நாளைத் தெரிவியுங்கள், நானும் வருகிறேன்.