பிரேம் இல்லாத கண்ணாடிக் குளியல் கதவில் இடைவெளி இருப்பது குறையா?

குளியலறையில் புதிதாகப் பொருத்திய பிரேம் இல்லாத கண்ணாடிக் கதவின் ஓரத்தில் இடைவெளி தெரிகிறது, அடியில் தண்ணீர் வெளியேறுகிறது, பொருத்தியவரோ "இந்த வகைக் கதவு இப்படித்தான் இருக்கும்" என்கிறார், அதை நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சென்னையில் அடுக்குமாடி வீடுகளின் உள்வேலைகளை மேற்பார்வையிடுபவன் என்ற முறையில் சொல்கிறேன்: அவர் சொல்வதில் பாதி உண்மை. இடைவெளி இருந்தே ஆக வேண்டும். ஆனால் அது மேலிருந்து கீழ் வரை ஒரே அளவாக இருக்க வேண்டும்.

இக்கதவுகளுக்குப் பெரும்பாலும் 8 அல்லது 10 மி.மீ. தடிமனுள்ள டஃபன்டு கண்ணாடியைப் பயன்படுத்துகிறார்கள். அறுப்பது, துளையிடுவது, ஓரம் தேய்ப்பது எல்லாம் முடிந்த பிறகே அதனை 600 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கி, காற்றைப் பீய்ச்சிச் சட்டென்று குளிர வைக்கிறார்கள். அதன் பின்னர் அதிலிருந்து ஒரு மில்லிமீட்டரைக்கூடக் குறைக்க இயலாது. நடுப்பரப்பில் விழும் அடியைத் தாங்கும் அக்கண்ணாடி, மூலை டைல்ஸில் மோதினால் முழுவதும் நொறுங்கி உதிர்ந்துவிடும். அதனால்தான் பக்கவாட்டில் 3 முதல் 6 மி.மீ. வரையிலும், அடியில் ஏறத்தாழ 10 மி.மீ. அளவிலும் இடம் விடுவது வழக்கம். கதவை மூடிய நிலையில் ஒட்டிப் பிடிக்கும் காந்தப் பட்டை பொருத்தும் பக்கத்தில் பட்டையின் அளவுக்கேற்ப அது கூடும்.

நீங்களே சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. வங்கி அட்டைகள் ஐந்தை அடுக்கினால் ஏறத்தாழ 4 மி.மீ. வரும். அந்த அடுக்கை இடைவெளியின் மேற்பகுதியிலும் நடுவிலும் கீழேயும் செருகிப் பாருங்கள். மூன்றிடத்திலும் ஒரே மாதிரி நுழைந்தால் கவலை வேண்டாம். மேலே இறுக்கமாகவும் கீழே தொளதொளவென்றும் இருந்தால், சுவர் தூக்கு நேராக இல்லை என்றோ, கதவு சாய்ந்திருக்கிறது என்றோ பொருள்.

இவ்விரண்டையும் பிரித்தறிய ரசமட்டத்தைச் சுவரிலும் பிறகு கண்ணாடி ஓரத்திலும் வைத்துப் பார்க்க வேண்டும். அண்மையில் ஒரு வீட்டில் இடைவெளி மேலே 4 மி.மீ., கீழே 11 மி.மீ. இருந்தது, தூக்குக் குண்டைத் தொங்கவிட்டபோது கண்ணாடி நேராகவும், டைல்ஸ் ஒட்டிய சுவர் அந்த 7 மி.மீ. சாய்ந்தும் இருந்தன. அளவெடுத்தவர் இடுப்பு உயரத்தில் ஒரே ஓர் அளவுதான் எடுத்திருந்தார். டைல்ஸ் வேலை முடிந்த பிறகு மூன்று உயரங்களில் அளந்து, சுவரின் சாய்வுக்கேற்பக் கண்ணாடியைச் செய்வித்திருக்க வேண்டும். இத்தகைய குறைக்கு வேறு கண்ணாடி செய்து தருவதே நேர்மையான தீர்வு. கீலில் திருத்தக் கிடைப்பது ஓரிரு மில்லிமீட்டர் மட்டுமே.

சுவர் நேராக இருந்து கைப்பிடிப் பக்கம் மட்டும் கீழே இறங்கியிருந்தால், கீலைப் பாருங்கள். 10 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 25 கிலோ எடை கொண்டது, 70 செ.மீ. அகலமும் 2 மீட்டர் உயரமும் உள்ள கதவு 35 கிலோ வரும். ஏஏசி பிளாக் எனப்படும், நுண்ணிய காற்றறைகள் கொண்ட எடை குறைந்த கான்கிரீட் கட்டிகளாலான சுவரில் சாதாரண பிளாஸ்டிக் பிளக்கை அடித்து அந்த எடையைத் தொங்கவிட்டால், திருகு நாளடைவில் தளராமல் இருக்காது. அவ்வகைச் சுவருக்கு உரிய ஆங்கரைக் கேட்டுப் போடச் சொல்லுங்கள்.

அடியில் வரும் தண்ணீருக்குப் பல நேரங்களில் கதவு காரணமே அன்று. கதவுக்குக் கீழுள்ள கிரானைட் படி உட்புறம் லேசாகச் சரிந்திருக்க வேண்டும். அது மட்டமாகவோ வெளிப்புறம் சரிந்தோ இருந்தால் எந்த ரப்பர் பட்டையும் தண்ணீரைத் தடுக்காது. ஷவரின் தாரை நேராகக் கீலை நோக்கி விழுந்தாலும் இதே கதிதான். கதவின் அடிப்பட்டையில் சாய்ந்திருக்கும் விளிம்பு உட்புறம் நோக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். அதைத் திருப்பிப் பொருத்திவிட்டுப் போனவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அகன்ற இடைவெளியைச் சிலிகானால் நிரப்பித் தருகிறேன் என்று சொன்னால் சம்மதிக்காதீர்கள். அசையும் ஓரத்தில் சிலிகான் நிற்காது. சில மாதங்களில் பிய்ந்து கறுத்துப்போகும். நிலையாக நிற்கும் கண்ணாடிக்கும் சுவருக்கும் இடையேதான் அதற்கு வேலை, அதுவும் பூசியபின் ஒரு நாளாவது நனையாமல் இருக்க வேண்டும். கண்ணாடியின் மூலையில் பாதுகாப்புக் கண்ணாடிக்கான ஐ.எஸ். 2553 என்ற இந்தியத் தரக் குறியீடு இருக்கிறதா என்பதையும் இதோடு பார்த்துவிடுங்கள். மீதித் தொகை இன்னும் உங்கள் கையில் இருந்தால், பொருத்தியவரை அருகில் நிறுத்தி, வெளித்தரையில் உலர்ந்த செய்தித்தாளை விரித்து, ஷவரைப் பத்து நிமிடம் திறந்துவிட்டு, தாள் எந்த இடத்தில் முதலில் நனைகிறது என்பதை இருவருமாகப் பார்த்த பிறகே அதைக் கொடுங்கள்.