பாட்டி சொன்ன பூர்வீகமும் எச்சில் குப்பியும்: யூதக் குடும்பக் கதைகள், கேள்வி பதில்

என் கணவர் வீட்டார் மகாராஷ்டிரத்தின் பெனே இஸ்ரேல் யூதர்கள். அவர்கள் வீட்டுப் பூர்வீகக் கதையில் எவ்வளவு உண்மை என்று பார்க்கப் போய்த்தான் எச்சிலைக் குப்பியில் பிடித்து அனுப்பிச் செய்யும் இந்த டிஎன்ஏ ஆராய்ச்சிக்குள் வந்தேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

நியூஜெர்சி வாசகி: அக்கா, என் வீட்டுக்காரர் அஷ்கெனாசி, அதாவது மத்திய, கிழக்கு ஐரோப்பிய மரபு யூதர். 1492இல் ஸ்பெயினிலிருந்து விரட்டப்பட்ட குடும்பம் என்று மாமனார் சொல்வார். சோதனையில் 98 சதவீதம் அஷ்கெனாசி என்றுதான் வந்தது. அப்போ கதை பொய்யா?

அந்தச் சதவீதத்தை வைத்துப் பொய் என்று சொல்ல முடியாதம்மா. 1492 என்பது ஏறக்குறைய 18 தலைமுறைக்கு முன்னால். அந்தப் படியில் ஒருவருக்கு 2,62,144 முன்னோர் இடங்கள் இருக்கின்றன. அதில் ஓர் இடத்தில் ஸ்பெயின்காரர் இருந்திருந்தாலும், அவருடைய டிஎன்ஏ துண்டு ஒன்றுகூட உங்கள் வீட்டுக்காரரிடம் வந்து சேராமல் போயிருக்கலாம்.

கதை எந்தக் கிளையில் வருகிறது என்று மாமனாரிடம் கேளுங்கள். அப்பா, அவருடைய அப்பா என்று நேராகப் போகும் பங்காளி வழி என்றால், அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகும் ஒய் குரோமோசோமின் சோதனை செய்யலாம். சலோனிகா, இஸ்தான்புல், மொராக்கோ பக்கத்து செபார்டி (ஸ்பெயின் வழி யூத) குடும்பங்களோடு பொருத்தம் வந்தால் கதைக்கு வலு உண்டு. நடுவில் ஒரு பாட்டி வழியாகப் போகிறது என்றால் ஒய் சோதனைக்குக் காசு செலவழிக்காதீர்கள்.

ஒய் சோதனையில் நெருங்கிப் பொருந்துபவர்கள் எல்லாருக்கும் வேறு வேறு குடும்பப் பெயர். சோதனை தப்பா?

தப்பில்லை. கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பலருக்கு அரசு கட்டாயப்படுத்திய பிறகுதான் நிரந்தரக் குடும்பப் பெயர் வந்தது. ஆஸ்திரியாவில் 1787, ரஷ்யாவில் 1804, பிரஷியாவில் 1812. அதற்கு முன் பிரிந்த பங்காளிகளுக்கு வேறு பெயர் இருப்பதுதான் இயல்பு.

என் நண்பர் தாம் ராஷியின் வம்சம் என்கிறார். டிஎன்ஏவில் நிரூபிக்க முடியுமா?

முடியாது. பிரான்சின் த்ருவா நகரில் வாழ்ந்து 1105இல் மறைந்த பெரிய உரையாசிரியர் ராஷி. அவருக்கு நாம் அறிந்தவரை மகள்கள்தான், மகன் இல்லை. ஆகவே அவருடைய ஒய் குரோமோசோம் அவரோடு நின்றுவிட்டது. தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்குப் போகும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவைப் பார்த்தால், மகள்களுக்குப் போனது அவர் மனைவியுடையது. மீதி டிஎன்ஏ இத்தனை தலைமுறையில் கரைந்திருக்கும். ஏடும் ஆவணமும்தான் இங்கே வழி. ஒன்று சொல்கிறேன், இன்றைய அஷ்கெனாசிகள் அனைவரும் 600 முதல் 800 வருடங்களுக்கு முன் சில நூறு பேராகச் சுருங்கிய ஒரு கூட்டத்திலிருந்து பெருகியவர்கள். அதனால் ஆவணம் இல்லாவிட்டாலும் உங்கள் நண்பர் ராஷியின் வம்சமாக இருக்க நிறையவே வாய்ப்பு உண்டு.

என்னோடு டிஎன்ஏ பொருந்துபவர்கள் பட்டியலில் ஆயிரக்கணக்கானவர்கள் வருகிறார்கள். நாலாம் தலைமுறை உறவு என்று போட்டிருக்கிறது. ஒருவரையும் அடையாளம் தெரியவில்லை.

அதே சுருங்கிய கூட்டம்தான் காரணம். தலைமுறை தலைமுறையாக உள்ளுக்குள்ளேயே கல்யாணம் நடந்ததால் பத்து வழியில் தூரத்து உறவாக இருக்கும் ஒருவர் ஒரே வழியில் நெருங்கிய உறவு போலத் தெரிவார். மொத்தக் கூட்டுத்தொகையை விட்டுவிட்டு மிக நீளமான துண்டைப் பாருங்கள். 20 சென்டிமார்கனுக்கு (டிஎன்ஏ துண்டின் நீளத்தைச் சொல்லும் அலகு) மேல் ஒரு துண்டாவது இருந்தால் கடிதம் எழுதுங்கள். ஏழு, எட்டு என்று துக்கடாவாக வருவதற்கெல்லாம் ராத்திரி கண்விழிக்க வேண்டாம்.

தாத்தாவின் கல்லறையில் விரல்கள் பிரித்து வைத்த இரண்டு கைகள் செதுக்கியிருக்கின்றன. நாங்கள் கோஹனா? டிஎன்ஏ சொல்லுமா?

அந்தக் கைகள் ஆசி வழங்கும் கைகள். கோஹன், அதாவது ஆரோன் வழிப் பூசாரி மரபினரின் அடையாளம். கோயில் பணியில் கோஹன்களுக்குத் துணையாக இருந்த லேவியர் மரபினரின் கல்லறை என்றால் தண்ணீர்க் குடுவை செதுக்கியிருக்கும்.

கார்ல் ஸ்கோரெக்கி என்ற மருத்துவர், தாமும் ஒரு கோஹன், ஜெபக்கூடத்தில் வேறொரு நாட்டிலிருந்து வந்த கோஹனைப் பார்த்து யோசித்தார்: முகமும் நிறமும் இவ்வளவு வேறாக இருக்கிறோம், தகப்பன் வழி ஒன்றுதான் என்றால் ஒய் குரோமோசோம் ஒத்துப்போக வேண்டுமே? 1997இல் வந்த ஆய்வு அது. கோஹன்களில் பெரும் பங்கினரிடம் ஒரே வகை ஒய் தென்பட்டது. ஆனால் 1998இல் அந்த வகையை அடையாளம் காணப் பயன்படுத்திய ஆறு டிஎன்ஏ குறிகளின் அமைப்பு யூதரல்லாத பலரிடமும் இருக்கிறது. 2009இல் கூடுதல் குறிகளோடு பார்த்தபோது கோஹன்களில் 46 சதவீதத்தினர் ஜே-பி58 என்ற கிளையில் வந்தார்கள். மற்றவர்கள் வேறு கிளைகள். ஆகவே பொருந்தினால் கதைக்குப் பலம். பொருந்தாவிட்டால் தாத்தா கோஹன் இல்லை என்று ஆகாது. அந்தக் கல்லை நன்றாகப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டிஎன்ஏவைவிட அது நல்ல சாட்சி.

மும்பை வாசகர்: உங்கள் புகுந்த வீட்டுக் கதை என்ன ஆயிற்று?

கொங்கணக் கரையில் நவ்காவ் அருகே கப்பல் உடைந்து ஏழு ஆண்களும் ஏழு பெண்களும் கரையேறினார்கள், புத்தகமெல்லாம் கடலோடு போயிற்று, ஷெமா என்ற ஜெபம் மட்டும் நினைவில் நின்றது. இதுதான் கதை. செக்கு ஆட்டிப் பிழைத்தார்கள், யூதர்களின் ஓய்வுநாளான சனிக்கிழமை செக்கை நிறுத்தினார்கள். அதனால் ஊரார் வைத்த பெயர் 'சனிவார் தேலி', சனிக்கிழமை எண்ணெய்க்காரர்.

பெனே இஸ்ரேலர்களைப் பற்றிய 2016 ஆய்வில் மத்திய கிழக்கு யூதக் கலப்பு தெளிவாகத் தெரிந்தது. அந்த முடிவைப் படித்துச் சொன்னபோது என் மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அத்தனை காலம் "நீங்களெல்லாம் நிஜமான யூதர்களா?" என்று கேட்கப்பட்டவர் அவர். ஆனால் தகப்பன் வழியில் யூதப் பங்கு அதிகம், தாய்வழியில் உள்ளூர்ப் பங்கு அதிகம். கரையேறிய ஏழு பெண்கள் என்ற பகுதிக்கு ஆதரவு குறைவு. கலப்பு நடந்த காலமும் 19 முதல் 33 தலைமுறைக்கு முன்புதான். கதை சொல்வதோ இரண்டாயிரம் வருடம். ஆனால் கலந்த தேதி வேறு, வந்த தேதி வேறு. இந்த வித்தியாசத்தை மறந்துவிட்டுப் பலர் அவசரப்படுகிறார்கள்.

கொச்சி யூதர்களுக்கும் இதே கணக்கு. அங்கே யூதக் கலப்பு 13 முதல் 22 தலைமுறைக்கு முன் என்று வந்தது. ஆனால் யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்குச் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் கொடுத்த, வட்டெழுத்தில் பொறித்த செப்பேடு ஏறத்தாழ ஆயிரம் வருடப் பழசு. டிஎன்ஏவை மட்டும் நம்பியிருந்தால் அந்த நூற்றாண்டுகள் விட்டுப்போயிருக்கும்.

திருச்சி: எனக்கு 1 சதவீதம் யூதர் என்று வந்திருக்கிறது!

தம்பி, அம்மா அப்பா இருவரையும் சோதியுங்கள். இருவரிடமும் இல்லையென்றால் அது கணக்குப் பிசகு, விட்டுவிடுங்கள்.

நியூ மெக்சிகோவில் உள்ள என் தோழி கத்தோலிக்கர். அவள் பாட்டி வெள்ளிக்கிழமை மாலை உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு மெழுகுவர்த்தி ஏற்றுவாராம். இதற்கு அர்த்தம் உண்டா?

இருக்கலாம். வெள்ளிக்கிழமை மாலை விளக்கேற்றி ஓய்வுநாளை வரவேற்பது யூத வழக்கம். கட்டாய மதமாற்றத்துக்கு ஆளான ஸ்பானிய யூதர்களின் வம்சத்தவர் அமெரிக்கக் கண்டத்துக்கு வந்ததற்கு டிஎன்ஏ ஆதாரமும் இருக்கிறது. அதில் ஒன்று உடல்நலம் சம்பந்தப்பட்டது. பிஆர்சிஏ1 மரபணுவில் 185டெல்ஏஜி என்ற மாற்றம் யூதப் பெண்களிடம் மார்பகப் புற்றுநோய், சினைப்பைப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டுவது. அதே மாற்றம் கொலராடோவின் சான் லூயிஸ் பள்ளத்தாக்குக் கத்தோலிக்கக் குடும்பங்களிலும் கிடைத்தது. தோழியின் குடும்பத்தில் சின்ன வயதில் யாருக்காவது இந்தப் புற்றுநோய் வந்திருந்தால் பூர்வீகத் தேடல் அப்புறம். எச்சில் குப்பி அறிக்கையை நம்பி இருக்காமல் முதலில் மரபணு ஆலோசகரைப் பார்க்கச் சொல்லுங்கள். பாட்டியின் மெழுகுவர்த்தி பற்றியும் அவரிடம் சொல்லச் சொல்லுங்கள். எந்த மாற்றத்தைத் தேட வேண்டும் என்று முடிவெடுக்க அது உதவும்.