பீடி சுற்றும் பெண்களுக்கு உடல்நலத் தகவல் போய்ச்சேர ஆப் உதவுமா?

'படிப்பு குறைந்த, வசதியில்லாத பெண்கள் நோயையும் மருந்தையும் பற்றிப் புரிந்துகொள்ள ஒரு ஆப் செய்யலாம் என்றிருக்கிறேன், பயன்படுமா?' என்று கேட்டிருக்கிறீர்கள். நான் தென்காசி மாவட்டம் ஆலங்குளம் பக்கத்துக்காரி. அம்மாவும் சித்தியும் பீடி சுற்றித்தான் எங்களைப் படிக்க வைத்தார்கள். இப்போது ஊர் மகளிர் குழுவில் சுகாதார வேலையைப் பார்க்கிறேன். என்னைக் கேட்டால், ஆப்பை விட்டுவிட்டுக் குரல் பதிவில் இறங்குங்கள்.

ஆலங்குளம், முக்கூடல், கடையம், பாவூர்சத்திரம் என்று எங்கே போனாலும் திண்ணையில் பெண்கள் மடியில் தட்டோடு உட்கார்ந்திருப்பார்கள். இலையை வெட்டி, தூளை வைத்து, சுருட்டி, நூலைக் கட்டி, கணக்கு முடித்துக் கடையில் போடும்வரை கை ஓயாது. ஸ்கிரீனைத் தொட நேரமேது? ஆனால் காது சும்மாதான் இருக்கும். முன்பு திருநெல்வேலி வானொலி கேட்டார்கள், இப்போது போனில் பாட்டு ஓடுகிறது. நாம் நுழைய வேண்டிய இடம் அதுதான்.

ரத்தக்குறைவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. மாத்திரைக்குப் பஞ்சமில்லை, சுகாதார நிலையத்தில் இலவசமாகவே தருகிறார்கள். வாங்கிவந்து ரெண்டு நாள் போடுவார்கள், மலம் கறுப்பாகப் போனதும் பயந்து நிறுத்திவிடுவார்கள். இரும்புச்சத்து மாத்திரை போட்டால் அப்படித்தான் போகும் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எங்கள் ஊர் நர்ஸம்மா இதை ஒரு நிமிஷத்துக்குள் பேசி வாட்ஸப் குழுவில் போட்டார்: "மதினி, ரத்த மாத்திரை போட்டா வெளிக்குக் கறுப்பாத்தான் போகும், பயப்படாதிய. மாத்திரை போட்ட உடனே மட்டும் டீ குடிக்காதிய, ஒரு மணி நேரமாவது போகட்டும்." டீ விஷயம் எங்களுக்கு ரொம்ப முக்கியம். பீடி சுற்றுகிறவர்களுக்கு அடிக்கடி டீ வேண்டும், டீயோ உடம்பில் இரும்புச்சத்து சேரவிடாது. அந்தப் பதிவைக் கேட்ட ஒரு பெரியம்மா, பிள்ளையுண்டாகியிருந்த மருமகளையும் கூப்பிட்டு உட்காரவைத்துத் திரும்பப் போட்டுக் கேட்கச் சொன்னார். தெரிந்த குரல், தெரிந்த பேச்சு. வானொலிச் செய்தி மாதிரித் தமிழில் வந்திருந்தால் தள்ளிவிட்டுப் பாட்டுக்குப் போயிருப்பார்கள்.

இன்னொன்று, சீனி வியாதிக்காரர்களின் பாடு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சீனிக்கும் பிரஷருக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. பெரிய உதவி அது, குறை சொல்ல மனசில்லை. ஆனால் எழுத்துக்கூட்டத் தெரியாதவர்கள் மாத்திரையை நிறத்தையும் அளவையும் வைத்துத்தான் அடையாளம் வைத்திருப்பார்கள். ஒரு மாதம் வேறு கம்பெனி மாத்திரை வந்தால், 'இது என் மருந்தில்லை' என்று அப்படியே டப்பாவில் போட்டுவிடுவார்கள். இப்போது அட்டையை போட்டோ எடுத்துக் குழுவில் போடச் சொல்லியிருக்கிறோம். 'மருந்து அதேதான், நிறம்தான் மாறியிருக்கு' என்று நர்ஸம்மா குரலில் பதில் வந்துவிடும். அதனால் திருப்பிக் கேட்க வழியில்லாத எந்தக் கருவியையும் செய்யாதீர்கள். 'இந்தக் கஷாயத்தைக் குடித்தால் மாத்திரையே வேண்டாம்' என்கிற வீடியோவும் அதே போனில்தான் வருகிறது. மாத்திரையை நிறுத்தும் முன் யாரைக் கேட்பது என்று தெரிந்திருந்தாலே பாதி ஆபத்து குறையும்.

அப்புறம், போன் யாருடையது என்று பாருங்கள். பல வீடுகளில் ஸ்மார்ட்போன் மகன் கையில், அம்மாவிடம் பட்டன் போன்தான். வெள்ளைப்படுதல், கர்ப்பப்பைச் சோதனை என்றெல்லாம் மகன் போனுக்குத் தகவல் அனுப்பினால், மறுநாளே அந்த எண்ணைக் குழுவிலிருந்து எடுக்கச் சொல்லிவிடுவார்கள். இதற்கெல்லாம் பட்டன் போனிலிருந்தே பேசக்கூடிய ஒரு எண் வேண்டும். அரசின் மருத்துவ ஆலோசனை எண் 104 இருக்கிறது, காசு கிடையாது. ஆனால் முதல் தடவை யாராவது பக்கத்தில் இருந்து போட்டுக் கொடுத்துப் பேசவைக்க வேண்டும். கூச்சம் விட்டால் அப்புறம் அவர்களே பேசிக்கொள்வார்கள்.

புகையிலைத் தூள் பற்றிப் பேசும்போது கவனம் தேவை. 'இந்தத் தொழிலை விடுங்கள்' என்று ஆரம்பித்தால் ஒருத்தரும் கேட்கமாட்டார்கள், அடுப்பெரிவது அதில்தான். தட்டைவிட்டு எழுந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுப் பிள்ளைக்குச் சோறு ஊட்டுங்கள், காற்றோட்டமாக உட்காருங்கள், தூள் சலிக்கும்போது மூக்கில் துணி கட்டுங்கள், தொட்டிலைத் தட்டுக்குப் பக்கத்தில் கட்டாதீர்கள் என்றால் கேட்கிறார்கள், செய்யவும் செய்கிறார்கள்.

ஆப்புக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கை நர்ஸம்மாக்களுக்கும் குழுத் தலைவிகளுக்கும் ரீசார்ஜாகக் கொடுங்கள், இன்னொரு பங்கில் உள்ளூர் பேச்சில் பதிவு செய்ய ஆள் வையுங்கள். பலன் தெரிய எத்தனை பேர் பதிவைக் கேட்டார்கள் என்று எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். மாதக் கடைசியில் வீட்டுக்குப் போய், மாத்திரை அட்டை காலியாகியிருக்கிறதா என்று பாருங்கள். காலியாகவில்லை என்றால் திண்ணையில் உட்கார்ந்து காரணம் கேளுங்கள். அடுத்த பதிவில் என்ன பேசுவது என்பது அதிலேயே கிடைத்துவிடும்.