அம்மாவின் சேமலாபக் காசில் மிசின் வாங்கலாமா?

கேள்வி:

ஐயாவுக்கு வணக்கம். நாங்கள் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறோம். கொரோனா நேரம் வீட்டில் முகக்கவசம் தைத்து விற்றோம். பிறகு மாமா மகனின் சர்ச் கல்யாணத்துக்கு மாப்பிள்ளைத் தோழர்கள் எல்லாருக்கும் வண்ணத்துப்பூச்சி மாதிரிக் கழுத்தில் கட்டும் போ-டை தைத்துக் கொடுத்தேன். அதைப் பார்த்து ஆட்கள் கேட்கத் தொடங்கினார்கள். இப்போது நான், அம்மா, அண்ணி மூவரும் மாதம் 250 போ-டை கையால் செய்கிறோம். கண்டியிலும் நுவரெலியாவிலும் இரண்டு கல்யாண உடுப்புக் கடைகளுக்கு 650 ரூபாய்ப்படி 200 கொடுக்கிறோம். மீதி 50 வட்ஸ்அப்பில் 1,200 ரூபாய்க்குப் போகிறது, தபால் செலவு எங்களுடையது. ஒரு டைக்குச் சாமான் செலவு 270 ரூபாய். மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் லாபம் என்று அண்ணன் சொல்கிறார். ஆனால் மாதக் கடைசியில் கையில் காசு நிற்பதேயில்லை. கடைகள் இரண்டும் இன்னும் 1,65,000 ரூபாய் தர வேண்டும்.

இப்போது நுவரெலியா ஹோட்டல் ஒன்று வெயிட்டர்மாருக்கு 400 கறுப்பு போ-டை கேட்கிறது. ஒன்று 520 ரூபாய், காசு இரண்டு மாதம் கழித்து. அதற்காக ஜூகி தையல் மிசினும் ஓரம் அடிக்கும் ஓவர்லொக்கும் வாங்க மூன்றரை லட்சம் வேண்டும், உதவிக்கு ஒரு பிள்ளையையும் எடுக்க வேண்டும். அம்மா சென்ற வருடம் தோட்டத்திலிருந்து விலகி, ஈ.பி.எஃப் (ஊழியர் சேமலாப நிதி), ஈ.டி.எஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி), சேவைக்காலப் பணம் எல்லாம் சேர்த்து 14 லட்சம் வைத்திருக்கிறார். "என் சல்லி உங்களுக்குத்தானே, எடுங்க" என்கிறார். எடுக்கலாமா? இல்லையென்றால் நகையை அடகு வைப்பதா, கிழமைக் கடன் எடுப்பதா?

பதில்:

அன்புள்ள தங்கச்சி, அம்மாவின் காசை எடுக்க வேண்டாம். இந்த மிசினையும் இப்போது வாங்க வேண்டாம். ஹோட்டல் ஓடரை விட்டுவிடவும் வேண்டாம், ஆனால் அவர்கள் சொன்ன விலைக்கும் தவணைக்கும் தலையாட்டக் கூடாது. ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன், கணக்குக் கொஞ்சம் நீளம்.

முதலில் அண்ணன் சொல்லும் லாபம். 200 டைக்கு 1,30,000, 50 டைக்கு 60,000, மொத்த வரவு 1,90,000. சாமான் செலவு 67,500. மீதி 1,22,500. இதைத்தான் அவர் லாபம் என்கிறார். இதற்குள் இன்னும் எவ்வளவோ செலவு ஒளிந்திருக்கிறது. நான் கேட்டதற்கு நீங்கள் அனுப்பிய பட்டியலில் 50 பார்சலுக்குத் தபால் 20,000, கொழும்பு புறக்கோட்டைக்குத் துணி வாங்கப் போய்வரும் செலவு 6,000, மின் கட்டணம் 4,000, தொலைபேசி 3,000, கோணலாகிக் கழித்த டைகள் 5,000 என்று இருந்தது. மொத்தம் 38,000. ஆக மீதி 84,500.

இனித்தான் முக்கியமான இடம். அந்த மூன்று பெண்களின் கைக்கூலி எங்கே?

உங்கள் அம்மா இத்தனை வருடம் மலையில் கொழுந்து எடுத்தவர். தராசில் கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம், போடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஒவ்வொரு நாள் உழைப்பும் செக்ரோல் என்ற தோட்டச் சம்பளப் பதிவேட்டில் ஏறியது. அந்தக் கணக்கு போதவில்லை என்று போராடவாவது ஒரு கணக்கு இருந்தது. இன்று அதே அம்மா வீட்டில் விளக்கு வெளிச்சத்தில் இரவு பத்து மணிவரை நடுமுடிச்சு தைக்கிறார், அதற்குப் பேர் போட யாருமில்லை. இது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அது போக, உங்கள் விலை எல்லாம் பிழையாகப் போனதற்குக் காரணமும் இதுதான்.

ஒரு நாள் முழுக்கக் கைப்பேசியில் நேரம் பார்த்து எழுதி அனுப்பியிருந்தீர்கள், அதற்கு நன்றி. துணி வெட்ட 8 நிமிடம், கான்வாஸ் ஒட்டி அயன் பண்ண 13, மிசின் தையல் 12, உள்பக்கம் திருப்பி ஊசியால் மூலை எடுக்க 9, நடுமுடிச்சைக் கையால் தைத்துக் கழுத்துப்பட்டியும் கொக்கியும் பூட்ட 13. மொத்தம் 55 நிமிடம். மாதம் 250 டைக்கு 229 மணித்தியாலம். 2026 ஜனவரியிலிருந்து நாட்டின் தேசியக் குறைந்தபட்ச வேதனம் நாளுக்கு 1,200 ரூபாய், அதாவது மணிக்கு 150. அது எந்த வேலைக்கும் உள்ள அடிமட்டம். மூலை கூர்மையாக வரும்படி டை திருப்பத் தெரிந்த கைக்கு 250 ரூபாயாவது போட வேண்டும். அப்படியானால் தையல் கூலி 57,250. வட்ஸ்அப்பில் பதில் சொல்வது, பார்சல் கட்டுவது, கடைக்காரரை அழைப்பது என்று உங்களுக்கு மாதம் 60 மணித்தியாலம் போகிறது, அதற்கு 15,000. இவற்றைக் கழித்தால் மிஞ்சுவது 12,250 ரூபாய்.

இதுதான் உங்கள் தொழிலின் உண்மையான லாபம். லட்சம் இல்லை, பன்னிரண்டாயிரம். மனம் சோர வேண்டாம். மூன்று பெண்கள் வீட்டிலிருந்தபடியே 72,250 ரூபாய் சம்பளம் உழைத்து, அதற்கு மேலும் மிச்சம் வைக்கிறார்கள். அது சின்ன விஷயமில்லை. ஆனால் மூன்றரை லட்சம் கடனைத் தாங்கும் தோள் இன்னும் இல்லை.

இனி ஒவ்வொரு டையும் என்ன தருகிறது என்று பாருங்கள். தபாலைத் தவிர்த்த மற்றச் செலவு 18,000, டைக்கு 72 ரூபாய். கடைக்குக் கொடுக்கும் டையில் சாமான் 270, கூலி 229, இந்த 72 எல்லாம் போக மிஞ்சுவது 79 ரூபாய். வட்ஸ்அப்பில் விற்கும் டையில் தபால் 400 போனாலும் 229 ரூபாய் மிஞ்சுகிறது. உங்கள் சொந்த நேரத்தின் கூலி அதிலிருந்து கழிய வேண்டும் என்பது உண்மை. அப்படியிருந்தும் அந்த 50ஐ 80 ஆக்குவது, கடைக்கு இன்னொரு 100 கொடுப்பதை விட நல்லது. அதற்கு மிசின் வேண்டாம், நல்ல வெளிச்சத்தில் எடுத்த படங்கள் போதும். கழுத்து அளவு கேட்டு, தானே முடிச்சுப் போடும் ரகத்தை கைத்தறித் துணியில் செய்து கொடுங்கள். முடிந்த முடிச்சோடு வரும் ரகம் எங்கும் கிடைக்கும், கட்டிக்கொள்ளும் ரகம் எளிதில் கிடைக்காது. அதற்கு விலையும் கூடக் கேட்கலாம்.

ஹோட்டல் டைக்கு வருவோம். ஒரே கறுப்புத் துணி, பெட்டி இல்லை, ஆகவே சாமான் 230. நேரமும் 45 நிமிடமாகக் குறையும், கூலி 188. மற்றச் செலவு 72. மொத்தம் 490. அவர்கள் தருவது 520. ஒரு டைக்கு 30 ரூபாய், 400 டைக்கு 12,000. அதற்காக 92,000 ரூபாய்ச் சாமானில் காசு முடங்கும். தைக்கும் காலமும் சேர்த்து மூன்று மாதம். ஆண்டுக்கு 18 சதவீத வட்டிக்குக் கடன் எடுத்திருந்தால் நாலாயிரத்துச் சொச்சம் வட்டியிலேயே போய்விடும். 300 மணித்தியாலம் மூன்று பேரும் முதுகு வளைத்து, கையில் எட்டாயிரத்துக்கும் குறைவு.

என் மாமா பதுளையில் தையல்கடை வைத்திருந்தார். ஒரு நிறுவனத்துக்கு ஐம்பது சீருடை கடனுக்குத் தைத்துக் கொடுத்துவிட்டு, அந்தக் காசுக்காக எட்டு மாதம் படியேறினார். காசு கடைசியில் வந்தது. அதற்குள் துணிக்கடைக் கடனை அடைக்க அத்தையின் வளையல் அடகுக்குப் போய் மீளாமலே போயிற்று. கடையில் அன்று வேலை நிறைய இருந்தது, வாடிக்கையாளரும் இருந்தார்கள். அதனால்தான் நான் விலையை விடத் தவணையைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

ஹோட்டலுக்கு எழுத்தில் விலை கொடுங்கள். ஒன்று 600 ரூபாய், ஓடரோடு பாதிக் காசு முற்பணம். 400 டைக்கு முற்பணம் 1,20,000 வரும், சாமான் முழுவதையும் அதிலேயே வாங்கலாம். நூறு நூறாக, மூன்று கிழமைக்கு ஒரு தடவை கொடுங்கள், ஒவ்வொரு நூறுக்கும் மீதிக் காசை 14 நாளில் கேளுங்கள். அப்படி முடிந்தால் 44,000 ரூபாய் மிஞ்சும், ஒரு சதம் கடன் இல்லை. ஏப்ரல் சீசனுக்குச் சீருடை தயாராக வேண்டிய ஹோட்டலுக்கு, ஒரே அளவில் ஒழுங்காக வந்து சேரும் டைதான் தேவை. 80 ரூபாய் வித்தியாசத்துக்காக எல்லா முகாமையாளரும் ஓடிப்போக மாட்டார்கள். முற்பணமே முடியாது என்றால் நன்றி சொல்லி விட்டுவிடுங்கள்.

மிசினை ஏன் வேண்டாம் என்றேன்? நீங்கள் அனுப்பிய நேரங்களைத் திரும்பப் பாருங்கள். 55 நிமிடத்தில் மிசினில் போவது 12 நிமிடம்தான். ஜூகி வந்தால் அது 8 ஆகலாம், அவ்வளவுதான். மாதம் 17 மணித்தியாலம்கூட மிஞ்சாது. உங்கள் வேலை அயன் மேசையிலும் அம்மாவின் விரலிலும் நிற்கிறது. வெட்டுவதற்குத் தகரத்தில் அச்சு அடித்து, நல்ல நீராவி அயன் ஒன்று வாங்கினால் வெட்டுவதில் 3, அயனில் 4 என்று டைக்கு 7 நிமிடம் குறையும், மாதம் 29 மணித்தியாலம். செலவு 45,000க்குள் முடியும். வாங்கமுன் லயத்து வயரிங் அதைத் தாங்குமா என்று மின் வேலை தெரிந்தவருக்குக் காட்டுங்கள்.

அந்த 45,000 எங்கிருந்து வரும்? கடைக்காரரிடம் கிடக்கும் உங்கள் 1,65,000 இலிருந்து. தங்கச்சி, வங்கிக்கும் அடகுக்கடைக்கும் போகமுன் முதலில் போக வேண்டிய இடம் அந்த இரண்டு கடைகள்தான். இப்போது அவர்கள் உங்கள் வீட்டுக் காசில் வட்டியில்லாமல் வியாபாரம் செய்கிறார்கள். பழைய பாக்கியில் பாதி வராமல் புதிய சரக்கு இல்லை என்று மரியாதையாகச் சொல்லுங்கள். இனி ஒவ்வொரு தடவையும் முந்தைய பில்லைத் தீர்த்த பிறகே அடுத்த பெட்டி. அலுமாரியில் 180 டை கிடப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். சாமான் விலையில் மட்டும் அது 48,600 ரூபாய். மஸ்கெலியாவின் ஆனி ஆடி ஈரத்தில் சாட்டின் துணியில் பூஞ்சணம் பிடித்தால் அந்தக் காசு குப்பைக்குப் போகும். ஆடி மாதம் இந்துக் கல்யாணங்களும் குறைவு. அதற்கு முன் அவற்றை விற்றுத் தீர்த்துவிடுங்கள்.

கிழமைக் கடன் வேண்டவே வேண்டாம். கடை 45 நாளில் காசு தரும், கடன்காரர் ஏழாம் நாள் வாசலில் நிற்பார். நம் தோட்டங்களில் ஒரு கிழமைக் கடனைக் கட்ட இன்னொரு கிழமைக் கடன் எடுத்த பெண்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நகை அடகை ஒரு நிலையில் மட்டும் ஒத்துக்கொள்வேன். எழுத்தில் ஓடர் இருந்து, காசு வரும் திகதியும் உறுதியாகி, நடுவில் சில கிழமை இடைவெளியைக் கடக்க மட்டும், அதுவும் வங்கியில்.

உதவிக்கு ஒரு பிள்ளை எடுப்பதை ஆறு மாதம் தள்ளிப்போடுங்கள். எடுக்கும் நாளில் அவளுக்கு உரியதை முறையாகக் கொடுங்கள். 30,000 சம்பளம் என்றால் உங்கள் பங்கு ஈ.பி.எஃப் 12 சதவீதமும் ஈ.டி.எஃப் 3 சதவீதமும் சேர்ந்து 34,500 ஆகும். உங்கள் அம்மாவின் 14 லட்சம் அப்படிச் சேர்ந்த காசுதானே.

அந்த 14 லட்சத்தைப் பற்றி. தொழில் விழுந்தால் நீங்களும் அண்ணியும் திரும்ப உழைத்து எழலாம். அம்மா திரும்பவும் அத்தனை வருடம் கொழுந்து எடுக்க முடியாது. "உங்களுக்குத்தானே" என்று அவர் சொல்வது பாசம். அந்தப் பாசத்தை ஏற்று, காசைத் தொடாமல் இருங்கள். அவர் பெயரிலேயே நிலையான வைப்பில் போடுங்கள், ஒரே இடத்தில் வேண்டாம். வைப்புக் காப்புறுதி ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 லட்சம் வரைக்கும்தான். மத்திய வங்கியின் அனுமதி உள்ள இரண்டு வங்கிகளில் 7 லட்சம் 7 லட்சமாகப் பிரித்தால் முழுவதும் அதற்குள் அடங்கும். வட்டியை மாதாமாதம் எடுக்கும் விதமாகப் போட்டால் மருந்துக்கும் கைச்செலவுக்கும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. வட்டியில் 10 சதவீதம் வரி பிடிப்பார்கள். ஆண்டு வருமானம் 18 லட்சத்துக்குக் குறைந்தவர் பிரகடனப் படிவம் கொடுத்து அதைத் தவிர்க்கலாம். வங்கிக்குப் போகும்போதே அதைக் கேட்டு வாங்கி நிரப்புங்கள்.

கையில் காசு நிற்காததற்கு இன்னொரு காரணம் உங்கள் கடிதத்தின் ஓரத்தில் இருந்தது. வரும் காசெல்லாம் ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் போகிறது, அண்ணனின் ஆட்டோ லீசிங், பிள்ளைகளின் டியூசன், அரிசி எல்லாம் அதிலிருந்தே போகிறது. இதில் யாரும் பிழை செய்யவில்லை, வீடு என்றால் அப்படித்தான். ஆனால் தகரத்திலிருந்து எடுப்பது கூலியா, லாபமா, அடுத்த துணிக்கான காசா என்று யாருக்கும் தெரிவதில்லை. ஒரு சிஆர் கொப்பி வாங்கி உங்கள் வீட்டுச் செக்ரோல் தொடங்குங்கள். அம்மா, அண்ணி, நீங்கள் மூன்று பேருக்கும் மூன்று நிரல். வெட்டியது, அயன் பண்ணியது, முடிச்சுத் தைத்தது என்று அன்றன்று எழுதுங்கள். சனிக்கிழமை கணக்குப் பார்த்து ஆளாளுக்குக் கூலியைக் கையில் கொடுங்கள். அண்ணியின் கூலி அண்ணியின் கையில், அண்ணனின் கையில் இல்லை. லீசிங்கும் அரிசியும் அந்தக் கூலிகளிலிருந்து போகட்டும். மீதி வங்கிக் கணக்குக்குப் போகட்டும்.

அந்தக் கணக்கைத் தொழிலின் பெயரில் திறக்க வேண்டுமானால் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். உங்கள் பெயரும் அண்ணியின் பெயரும் பங்காளிகளாக இருக்கட்டும், யாருக்கு எத்தனை பங்கு என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். பதிவுப் பத்திரம் இருந்தால் ஹோட்டலுக்குப் போகும் விலைக் கடிதத்துக்கும் ஒரு கனம் வரும். அந்தக் கடிதத்தை அனுப்பமுன் எனக்குக் காட்டுங்கள், முற்பணம் பற்றிய வரியை நானும் ஒரு தடவை பார்த்துத் தருகிறேன்.