"என்னிடம் கெனான் 1300டி இருக்கிறது. ஆர்50 மிரர்லெஸ் வாங்கினால் படம் உண்மையில் வித்தியாசப்படுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டும் என் வீட்டு அலுமாரியில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. 1300டி, உள்ளே கண்ணாடி வைத்த டீஎஸ்எல்ஆர் கமரா; அதை 2017-இல் வாங்கினேன். ஆர்50, அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கமரா; அது என்னிடம் வந்து இரண்டு வருசமாகிறது. நான் ஸ்ரூடியோ வைத்திருப்பவன் இல்லை. கிளிநொச்சியில் கந்தோர் வேலை. சனி, ஞாயிறில் இரணைமடுப் பக்கம் பறவை பார்க்கப் போவேன். சொந்தத்துக்குள் சாமத்திய வீடு, பிறந்தநாள் என்றால் "வரேக்க கமராவையும் கொண்டு வா" என்று சொல்லிவிடுவார்கள். அந்த அளவு அனுபவத்தில் இருந்துதான் சொல்கிறேன்.

உங்கள் நிலைமை நான் விளங்கிக்கொண்டபடி இது: வவுனியாவில் இருக்கிறீர்கள், 1300டி-யுடன் வந்த 18-55 லென்ஸ் மட்டும் கையில் இருக்கிறது, ஆவணியில் அக்காவுக்குக் கலியாணம், கொஞ்சம் பறவைப் படமும் எடுக்க ஆசை, காசு மட்டுமட்டு.

முதலில் ஒரு சின்னச் சோதனை சொல்கிறேன். ஆர்50 வந்த கிழமை, மாமியை மாமரத்தடியில் கதிரை போட்டு இருத்தி, ஒரே 50 மிமீ லென்ஸை (ஆர்50-இல் அடப்டர் வைத்து) மாற்றி மாற்றிப் போட்டு இரண்டு கமராவாலும் எடுத்தேன். எது புதுக் கமரா என்று சொல்லாமல் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பாதிப் பேர் பழையதைத்தான் புதிது என்றார்கள். இரண்டிலும் தனக்கு வயது கூடத் தெரிகிறது என்பது மாமியின் தீர்ப்பு. பகல் வெளிச்சம், அசையாத ஆள், ஒரே லென்ஸ் என்றால் வித்தியாசம் அவ்வளவுதான். 18 மெகாபிக்சல், 24 மெகாபிக்சல் என்று கேட்கப் பெரிதாக இருக்கும். அகலத்தில் பார்த்தால் 5184 புள்ளி 6000 புள்ளி ஆகிறது, ஆறில் ஒரு பங்கும் கூடவில்லை. கலியாண அல்பத்தில் இது யாருக்கும் தெரியாது.

வித்தியாசம் தெரிவது ஆள் அசையும்போதும் வெளிச்சம் குறையும்போதும்தான். அதாவது நல்ல படம் எவ்வளவு வடிவாக வருகிறது என்பதில் அல்ல, எத்தனை படம் கெட்டுப்போகிறது என்பதில்.

1300டி-யில் போக்கஸ் பார்க்கிற சென்சர் வேறு, படம் பிடிக்கிற சென்சர் வேறு. கண்ணாடி வழியாகப் போகும் வெளிச்சத்தில் ஒரு பங்கு கீழே இருக்கிற சின்னச் சென்சருக்குப் போய், அங்கே ஒன்பது புள்ளிகளில் போக்கஸ் கணக்குப் பார்க்கப்படுகிறது. அந்த ஒன்பதிலும் நடுப்புள்ளி ஒன்றுதான் குறுக்கும் நெடுக்குமாகப் பார்க்கக்கூடியது. ஆகவே நாங்கள் எல்லாரும் பழகிக்கொண்ட வழி, நடுப்புள்ளியைக் கண்ணில் வைத்து பட்டனைப் பாதி அழுத்திப் பிடித்தபடி கமராவைத் திருப்பிப் படத்தை அமைப்பது. கமராவுடன் வருகிற கிட் லென்ஸில் இது பிரச்சினையில்லை. 50 மிமீ லென்ஸை எஃப் 1.8-இல் திறந்துவைத்து (எஃப் எண் குறையக் குறைய வெளிச்சம் கூட வரும், கூர்மையாக இருக்கிற ஆழம் குறையும்), நாலைந்து அடித் தூரத்தில் இப்படிச் செய்தால் திருப்புகிற அந்தக் கொஞ்சத்திலேயே போக்கஸ் நழுவிவிடும். ஒரு சாமத்திய வீட்டில் ஆலாத்தி எடுக்கிற நேரம் நான் எடுத்த வரிசை முழுவதும் அப்படித்தான் போனது. பிள்ளையின் ஜிமிக்கியில் முத்து எண்ணலாம், கண் மட்டும் புகை படிந்த மாதிரி. கமராவில் பிழையில்லை, திருப்பியது நான். ஆனால் ஆலாத்தியை இரண்டாம் தரம் எடுக்கச் சொல்ல முடியாதே.

ஆர்50-இல் படம் பிடிக்கிற சென்சரே போக்கஸும் பார்க்கிறது. ஒவ்வொரு பிக்சலும் இரண்டாகப் பிரிந்து, இரண்டு பாதியிலும் விழுகிற படம் பொருந்துகிறதா என்று ஒப்பிடுகிறது. அதனால் கண் படத்தின் ஓரத்தில் இருந்தாலும் போக்கஸ் சதுரம் போய்க் கண்ணில் ஒட்டிக்கொள்ளும். வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கல் இரவுக்குப் போனவர்களுக்குத் தெரியும், அந்தச் சனத்துக்குள் நின்று நிதானமாக எதையும் செய்ய முடியாது. வெளிவீதியில் ஒரு காவடிக்காரர் ஆடிக்கொண்டு வருகிறார், முகம் ஒருதரம் மயிலிறகுக்குள் மறைந்து மறுதரம் வெளியே வருகிறது. பழைய கமராவோடு போன வருசங்களில் அப்படிப்பட்ட இடத்தில் பத்தில் இரண்டு மூன்று தேறினால் சந்தோசம். ஆர்50-உடன் போனபோது முகம் வெளியே வந்த படமெல்லாம் கண்ணில் கூர்மையாக இருந்தது. நான் செய்தது சட்டகத்தைப் பார்த்துக்கொண்டு பட்டனை அழுத்தியது மட்டும்.

அதே இரவில் ஒரு மொக்கு வேலையும் பார்த்தேன். சத்தம் வரக்கூடாது என்று சைலண்ட் ஷட்டரில் போட்டு மறந்துபோனேன். வீதி முழுக்க எல்ஈடி மாலை. எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், மலிவான எல்ஈடி நொடிக்கு 100 தரம் மினுங்கும். சைலண்ட் ஷட்டர் சென்சரை மேலிருந்து கீழாக வரிவரியாக வாசிப்பதால் அந்த மினுக்கம் படத்தில் இருட்டும் வெளிச்சமுமாகப் பட்டை பட்டையாக விழுந்துவிட்டது. அரை மணி நேரப் படம் வீண். மண்டபத்துக்குள் எடுக்கும்போது இதை ஞாபகம் வையுங்கள்: சாதாரண ஷட்டருக்கு மாற்றி, 1/100 அல்லது 1/50 நொடியில் வைத்தால் தொல்லை குறைவு.

பறவைக்கு வருவோம். கனபேர் எதிர்பார்க்காத ஒன்று சொல்கிறேன். இரணைமடு அணைக்கட்டில் பகலில் நின்று பறக்கிற நீர்க்காகத்தைக் கமராவால் தொடர்ந்து பிடிக்க எனக்கு இன்னமும் பழைய கமராவின் வியூபைண்டர்தான் (கண்ணை வைத்துப் பார்க்கிற துவாரம்) பிடிக்கும். அது வெறும் கண்ணாடி. பறவை எங்கே இருக்கிறதோ அங்கேயேதான் தெரியும். மிரர்லெஸ்ஸில் நீங்கள் பார்ப்பது ஒரு குட்டித் திரை. ஆனால் போக்கஸும் வேகமும் வேறு கதை. 1300டி நொடிக்கு 3 படம், ஆர்50 சாதாரண ஷட்டரிலேயே 12. பறவையின் கண்ணையும் அதுவாகவே தேடிப் பிடிக்கும். மீன்கொத்தி கிளையில் இருந்து பாய்கிற அந்த ஒரு கணம் 1300டி-யில் எனக்கு ஒரு தரமும் கிடைக்கவில்லை. கிடைத்ததெல்லாம் வெறும் கிளை.

குட்டித் திரைக்கும் ஒரு நன்மை உண்டு. வன்னி வெயிலில் மத்தியானம் பின்திரையில் படம் சரியா பிழையா என்று பார்ப்பது நடக்காத காரியம். முன்பு தொப்பியைக் கழற்றி மறைத்து, நிழல் தேடிப் போய்ப் பார்ப்பேன். இப்போது கண்ணை எடுக்காமலே வியூபைண்டருக்குள் பார்த்துவிடலாம்.

புழுதி பற்றி யாரும் சொல்வதில்லை. எங்கள் ஒழுங்கைச் செம்மண் சோளகக் காற்றுக்கு மா மாதிரிப் பறக்கும். 1300டி-யில் லென்ஸைக் கழற்றினால் முன்னால் கண்ணாடி, அதற்குப் பின்னால் ஷட்டர், அதற்கும் பின்னால்தான் சென்சர். ஆர்50-இல் லென்ஸைக் கழற்றினால் சென்சர் அப்படியே வாய்திறந்து கிடக்கும். குளக்கட்டில் காற்றுக்கு எதிரே நின்று லென்ஸ் மாற்றினேன், பிறகு எடுத்த வானம் எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் மூன்று கறுப்புப் பொட்டு. இப்போது வீட்டிலேயே தேவையான லென்ஸைப் போட்டுக்கொண்டுதான் வெளிக்கிடுவேன். மாற்றியே ஆகவேண்டும் என்றால் கமராவின் வாயைக் கீழே பார்க்கப் பிடித்து மாற்றுவேன்.

பற்றறியில் பழையதுதான் ராசா. வியூபைண்டர் மின்சாரம் குடிக்காது. ஒரு தரம் சார்ஜ் பண்ணினால் ஒரு கலியாணம் முடியும். ஆர்50-க்கு நான் இரண்டு மேலதிகப் பற்றறி வைத்திருக்கிறேன். அதில் ஒன்று நகரக் கடையொன்றில் ஒரிஜினல் என்று சொல்லித் தந்த போலி, ஆறு மாதத்தில் வீங்கிவிட்டது. ஆனால் புதியதை யூஎஸ்பி வழியாகப் பவர் பாங்கில் சார்ஜ் ஏற்றலாம். 2022-இல் கரண்ட் மணிக்கணக்காகப் போன காலத்தில் அந்த வசதி இருந்திருந்தால் எவ்வளவு நல்லது என்று நினைப்பதுண்டு.

வீடியோ எடுக்கிறவர் என்றால் யோசிக்கவே தேவையில்லை, மாறுங்கள். 1300டி-யில் வீடியோ போக்கஸ் தடவித் தடவித்தான் வரும்.

சரி, உங்களுக்கு என்ன? நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்போதைக்கு மாறமாட்டேன். கணக்கைப் பாருங்கள். உங்கள் 18-55 லென்ஸ் 50 மிமீ-இல் எஃப் 5.6. கெனானின் 50 மிமீ எஃப் 1.8 எஸ்டிஎம் (போக்கஸ் மோட்டரின் வகைப் பெயர்) லென்ஸ் அதைவிடக் கிட்டத்தட்டப் பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். புதுக் கமரா வாங்கினாலும் இருட்டில் இவ்வளவு லாபம் கிடைக்காது. இன்னும் சொல்லப்போனால், ஆர்50-உடன் வருகிற 18-45 லென்ஸ் முனையில் எஃப் 6.3, உங்களிடம் இப்போது இருப்பதைவிடவும் இருட்டு. கிட் லென்ஸோடு ஆர்50-ஐ வாங்கி மண்டபத்துக்குள் போய், "இதுக்கோ இவ்வளவு காசு?" என்று முகம் சுருங்கியவர்களை எனக்குத் தெரியும். 50 மிமீ போட்டபின் நான் மேலே சொன்ன பாதி அழுத்தித் திருப்புகிற பழக்கத்தை மட்டும் விடுங்கள். எஃப் 2.8 அளவில் வைத்தால் ஜிமிக்கிக் கதை நடக்காது.

லென்ஸுக்குப் போடுகிற காசு வீணும் போகாது. கெனானும் நிக்கோனும் 2020-க்குப் பிறகு புதிய டீஎஸ்எல்ஆர் எதையும் விடவில்லை. ஆகவே என்றாவது நீங்களும் மாறத்தான் போகிறீர்கள். அன்றைக்கு ஒரு அடப்டரைப் போட்டு இதே லென்ஸை ஆர்50-இல் மாட்டலாம். அந்த அடப்டருக்குள் லென்ஸ் கண்ணாடி எதுவும் இல்லை, பழைய லென்ஸுக்கும் சென்சருக்கும் இடையில் மேலதிகமாகத் தேவையான 24 மிமீ இடைவெளியை நிரப்புகிற குழாய்தான். படத்தின் தரம் குறையாது. என் பழைய லென்ஸ்கள் எல்லாம் அப்படித்தான் ஓடுகின்றன.

அக்காவின் கலியாணத்துக்குப் படக்காரர் வேறு ஆள் பிடித்திருந்தால், 50 மிமீ-ஐ மாட்டி நாலைந்து படம் எடுத்துவிட்டுக் கமராவை மூலையில் வையுங்கள். தாலி கட்டுகிற நேரம் மணவறைக்குப் பக்கத்தில் நிற்கவேண்டிய ஆள் நீங்கள். முழுப்படமும் உங்கள் தலையில் என்றால் மட்டும் ஆர்50 பற்றி யோசியுங்கள், அதுவும் ஆவணிக்கு இரண்டு மாதம் முதலே வாங்கிக் கை பழக்கிக்கொண்டு.

பறவைக்கு இரண்டாம் கையில் 55-250 லென்ஸ் தேடுங்கள். அதில் மூன்று வகை இருக்கிறது, 2013-இல் வந்த எஸ்டிஎம் வகைதான் வேண்டும். பெயரில் எஸ்டிஎம் என்று இல்லாவிட்டால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். வாங்கும் முன் லென்ஸை வானத்துக்கு எதிரே பிடித்து உள்ளே பாருங்கள். எங்கள் மாரிக்காலத்து ஈரத்தில் மூடிவைத்த லென்ஸில் சிலந்தி நூல் மாதிரிப் பூஞ்சணம் படர்ந்திருக்கும். துடைத்தால் போய்விடும் என்று விற்கிறவர் சொல்வார், அது போகாது.