மாடிக்கு மட்டும் ஐபி வரவில்லை

கேள்வி: எங்கள் பனியன் கம்பெனியில் இரண்டாம் மாடிக்குத் தனி நெட்வொர்க் (10.10.20.0) போட்டோம். கணினிகளுக்கு ஐபி முகவரியைத் தானாக வழங்கும் டிஎச்சிபி சர்வர் கீழ்த்தளத்தில் 10.10.10.5. கீழே ஐபி தானாக வருகிறது, மாடியில் 169.254 என்று ஏதோ வருகிறது. கையால் ஐபி கொடுத்தால் சர்வர் பிங் ஆகிறது. நெட்வொர்க் போட்டவர் கேபிளை மாற்ற வேண்டும் என்கிறார். மாற்றலாமா?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: மாற்ற வேண்டாம். கேபிள் கெட்டிருந்தால் பிங்கே போயிருக்காது.

169.254 என்பது, எந்த சர்வரும் பதில் சொல்லாதபோது விண்டோஸ் தனக்குத் தானே வைத்துக்கொள்ளும் முகவரி. ஐபி இல்லாத கணினிக்கு சர்வர் எங்கே இருக்கிறது என்று தெரியாது. அதனால் 255.255.255.255 என்று பொதுவாகக் கூவும். அந்தக் கூவலை ரவுட்டர் அடுத்த நெட்வொர்க்குக்கு விடாது. அது பழுதல்ல, அதன் வேலையே அதுதான். கூவலைக் கேட்டு சர்வரிடம் கொண்டுபோக ஒரு ரிலே வேண்டும். உங்கள் ஆள் அதைப் போட மறந்திருப்பார் என்பதுதான் என் முதல் சந்தேகம்.

ரிலேயை மாடி நெட்வொர்க்கின் கேட்வேயில், அதாவது அது வெளியே போகும் வாசலான ரவுட்டரில், போட வேண்டும். சிஸ்கோ என்றால் அந்த விலான் (மாடியின் தனி நெட்வொர்க்) இன்டர்ஃபேஸின் கீழ் 'ஐபி ஹெல்பர்-அட்ரஸ் 10.10.10.5' என்று ஒரே வரி. சர்வர் பக்கத்து இன்டர்ஃபேஸில் போட்டுவிட்டு விழிப்பவர்கள் நிறையப் பேர். கூவல் எங்கே கேட்கிறதோ அங்கேதான் அது இருக்க வேண்டும்.

ரிலே, மாடிப் பக்கத்துத் தன் முகவரியை, 10.10.20.1 என்று வைத்துக்கொள்வோம், பாக்கெட்டில் எழுதி அனுப்பும். அதைப் பார்த்துத்தான் சர்வர் எந்த ஸ்கோப்பிலிருந்து (ஒரு நெட்வொர்க்குக்கென ஒதுக்கிய ஐபி தொகுப்பு) ஐபி தருவது என்று முடிவு செய்யும். அங்கே 10.10.20.0க்கு ஸ்கோப் இருக்கிறதா, ஆக்டிவேட் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் சர்வரில் ஸ்கோப் மேல் சிவப்பு அம்புக்குறி தெரிந்தால் ஆகவில்லை.

இவ்வளவும் சரி, அப்படியும் வரவில்லை என்றால் பயர்வால். பிங் போகிறதே என்று நினைக்காதீர்கள், அதற்கு வேறு வழி. டிஎச்சிபிக்கு சர்வர் பக்கம் 67, கணினி பக்கம் 68 என்று இரண்டு போர்ட் எனப் படித்துவிட்டு, சர்வரிலிருந்து வரும் பதிலுக்கு 68ஐ மட்டும் திறந்துவைப்பார்கள். ரிலேவுக்கு வரும் பதில் 67க்குத்தான் வரும். ரிலேவின் முகவரிக்கு மட்டும் வழி விட்டாலும் போதாது. லீஸ் காலம் (ஐபி கொடுத்த கெடு) பாதி ஆனதும் கணினி ரிலேயை விட்டுவிட்டு நேரே சர்வரிடம் புதுப்பிக்கக் கேட்கும். அங்கே தடுத்தால் உடனே ஒன்றும் தெரியாது. எட்டில் ஏழு பங்கு காலம் கழிந்ததும் மறுபடி கூவி, ரிலே வழியாகச் சமாளித்துக்கொள்ளும். மாடி நெட்வொர்க் முழுவதையும் அனுமதியுங்கள்.

எதில் சிக்கல் என்றே பிடிபடாவிட்டால் வந்துபோகும் பாக்கெட்டுகளைக் காட்டும் வயர்ஷார்க்கை சர்வரில் ஓடவிடுங்கள். 'டிஸ்கவர்' (கணினியின் கூவல்) வரவே இல்லையா, ரிலேயையும் பயர்வாலையும் பாருங்கள். வந்தும் 'ஆஃபர்' (சர்வரின் பதில்) கிளம்பவில்லையா, ஸ்கோப். கிளம்பியும் மாடிக்குப் போய்ச் சேரவில்லையா, திரும்பும் வழி.

கேள்வி: சில கணினிகளுக்கு மட்டும் திடீரென 192.168.1 என்று தொடங்கும் ஐபி வருகிறது. எங்களிடம் அப்படி ஒரு நெட்வொர்க்கே இல்லை!
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: யாரோ வீட்டு வைஃபை ரவுட்டரைக் கொண்டுவந்து செருகியிருக்கிறார். அதுவும் ஒரு டிஎச்சிபி சர்வர்தான். அந்தக் கணினியில் 'ஐபிகான்ஃபிக் /ஆல்' கொடுத்தால் 'டிஎச்சிபி சர்வர்' என்ற வரியில் அதன் முகவரி தெரியும். அந்த ரவுட்டரின் மேக் (வன்பொருள்) முகவரியை எடுத்து, ஸ்விட்ச்சில் எந்தப் போர்ட் என்று தேடிக் கழற்றுங்கள். கையோடு, இப்படி அனுமதி இல்லாத சர்வரின் பதிலைத் தடுக்கும் டிஎச்சிபி ஸ்னூப்பிங்கை ஸ்விட்ச்சில் போட்டுவிடுங்கள். அப்புறம் அவரைத் திட்டாதீர்கள், அந்த மூலையில் ஆபீஸ் வைஃபை வருவதில்லை என்பார். அதுவும் உண்மையாகத்தான் இருக்கும்.