பேக்ஸ்பேஸ் அழிக்காதபோது எங்கே பார்ப்பது?

கேள்வி: எங்கள் அலுவலகக் கணக்கு மென்பொருள் ஒரு பழைய யூனிக்ஸ் சர்வரில் ஓடுகிறது. விண்டோஸ் கணினிகளிலிருந்து புட்டி மென்பொருள் வழியாக அதில் நுழைகிறோம். புதிதாக வாங்கிய கணினியில் மட்டும் பேக்ஸ்பேஸை அழுத்தினால் எழுத்து அழியாமல், ஒரு கூரைக் குறியும் கேள்விக்குறியும் திரையில் விழுகின்றன. விசைப்பலகையை மாற்றிப் பார்த்தும் பயனில்லை. — வாசகர், ஈரோடு

பதில்: விசைப்பலகையில் பழுது இல்லை என்பதைத் தாங்கள் கண்ட அந்த இரண்டு குறிகளே சொல்லிவிடுகின்றன. கூரைக் குறியும் கேள்விக்குறியும் சேர்ந்து வந்தால், புட்டி 127 என்ற குறியீட்டு எண்ணை அனுப்பியிருக்கிறது, சர்வர் அதை அழிக்கும் கட்டளையாக ஏற்கவில்லை என்று பொருள். கேள்விக்குறிக்குப் பதிலாக 'எச்' எழுத்து வந்திருந்தால் அனுப்பப்பட்ட எண் 8 ஆக இருந்திருக்கும்.

இந்த இரட்டை வழக்கு, டெர்மினல்கள் (சர்வருடன் பேச உதவும் திரையும் விசைப்பலகையும்) தனி இயந்திரங்களாக இருந்த காலத்திலிருந்தே தொடர்கிறது. எழுத்துகளுக்கு எண் தரும் ஆஸ்கி அட்டவணையில் 8 என்பது ஓரிடம் பின்னால் நகர்வதற்கான குறியீடு. 127 என்பது அழிப்பதற்கானது. காகித நாடாவில் துளையிட்டுத் தரவைப் பதிந்த நாட்களில், தவறாக விழுந்த எழுத்தின் மீது ஏழு துளைகளையும் இட்டுவிட்டால் அது 127 ஆகிவிடும், படிக்கும் இயந்திரம் அதைத் தாண்டிச் சென்றுவிடும். கணினி தயாரித்த டெக் நிறுவனம் 1978-இல் வெளியிட்ட விடி100 டெர்மினலில் இரண்டுக்கும் தனித்தனி விசைகள் இருந்தன. 1983-இல் வந்த விடி220-இல் ரிட்டர்ன் விசைக்கு மேலிருந்த அழிக்கும் விசை 127-ஐ அனுப்பியது. யூனிக்ஸ் வகைகளில் சில 8-ஐயும் சில 127-ஐயும் பிடித்துக்கொண்டன. புட்டி எந்த மாற்றமும் செய்யாத நிலையில் 127-ஐ அனுப்பும். தங்கள் பழைய கணினிகளில் யாரோ ஒருவர் முன்பே இந்த அமைப்பை மாற்றி வைத்திருக்க வேண்டும்.

ஆகவே புதிய கணினியில் புட்டியைத் திறந்து, இடப்பக்கப் பட்டியலில் 'டெர்மினல்' என்பதன் கீழுள்ள 'கீபோர்ட்' பகுதிக்குச் சென்று, பேக்ஸ்பேஸுக்கு 'கன்ட்ரோல்-எச்' (அதாவது 8) என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு 'செஷன்' பகுதிக்குத் திரும்பி அந்த இணைப்பின் பெயரைத் தேர்ந்து 'சேவ்' அழுத்த மறக்க வேண்டாம். பலரும் இந்தப் படியை விட்டுவிட்டு, மறுநாள் பழைய தொல்லை திரும்பியதும் அமைப்பே வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். டெர்மினல் அமைப்புகளை மாற்றும் எஸ்டிடிஒய் கட்டளையில், அழிக்கும் குறியீடான 'இரேஸ்' எழுத்தை மாற்றிச் சர்வர் பக்கத்திலும் இதைச் சரிசெய்ய முடியும். ஆனால் மற்றக் கணினிகள் ஒழுங்காக இயங்கும்போது சர்வரைத் தொடுவது, ஒருவருடைய குறையைத் தீர்க்கப்போய் எல்லோருக்கும் அதைப் பரப்புவதாகிவிடும்.

வேறு எந்த விசை தகராறு செய்தாலும், அமைப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதற்கு முன், அந்த விசை என்ன அனுப்புகிறது என்று பார்த்துவிடுங்கள். தட்டியதை அப்படியே திருப்பிக் காட்டும் 'கேட்' கட்டளையைத் தனியாகக் கொடுத்து என்டர் தட்டி, சந்தேகத்துக்குரிய விசையை அழுத்தினால் அதன் குறியீடு பெரும்பாலான சர்வர்களில் அப்படியே திரையில் தெரியும். கன்ட்ரோலும் 'சி'-யும் சேர்த்து அழுத்தி வெளியே வரலாம்.

கேள்வி: சர்வரில் கோப்புகளைத் திருத்த உதவும் விஐ எடிட்டரில் எண்களை வலப்பக்க எண்பலகையிலிருந்து தட்டினால், மேலே புதிய வரி பிறந்து அதில் ஆங்கில எழுத்துகள் விழுகின்றன. நம்லாக் போட்டும் மாறவில்லை. — வாசகர், திருநெல்வேலி

பதில்: எண்பலகையைப் 'பயன்பாட்டு நிலை'க்கு மாற்றும்படி எடிட்டர் டெர்மினலைக் கேட்டிருக்கிறது, டெர்மினலும் கேட்டபடி நடந்திருக்கிறது. அந்த நிலையில் 1 என்ற விசை எண்ணை அனுப்பாமல் எஸ்கேப், பெரிய 'ஓ', சிறிய 'கியூ' என்ற மூன்றையும் வரிசையாக அனுப்புகிறது. இந்தத் தொடரை அடையாளம் காணாத விஐ ஒவ்வொன்றையும் தனித்தனிக் கட்டளையாகப் படிக்கிறது: எஸ்கேப் வந்ததும் தட்டச்சு நிலையிலிருந்து வெளியேறுகிறது, பெரிய 'ஓ' வந்ததும் மேலே புதிய வரியைத் திறக்கிறது, மீந்த 'கியூ' அந்த வரியில் எழுத்தாக விழுகிறது. 2-க்கு 'ஆர்', 3-க்கு 'எஸ்' என்று இது தொடரும். புட்டியில் இந்த நிலையின்போது நம்லாக்கும் ஒரு சிறப்பு விசையாகிவிடுவதால், அதன் விளக்கு எரிந்தாலும் அணைந்தாலும் பயனில்லை.

புட்டியில் 'டெர்மினல்' என்பதன் கீழுள்ள 'ஃபீச்சர்ஸ்' பகுதியில் எண்பலகையின் பயன்பாட்டு நிலையை முடக்கும் கட்டம் உண்டு. அதில் குறியிட்டுச் சேமித்தால் எண்கள் எண்களாகவே வரும். எண்பலகையைச் சிறப்பு விசைகளாகவே பயன்படுத்தும் மென்பொருள் ஏதேனும் தங்களிடம் இருந்தால், அதற்கென மாற்றமில்லாத இன்னொரு இணைப்பைத் தனிப் பெயரில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதே திரை உறைந்துபோகிறது. எந்த விசைக்கும் பதில் இல்லை. — வாசகி, சேலம்

பதில்: கோப்பைச் சேமிக்கும் பழக்கத்தில் கன்ட்ரோலையும் 'எஸ்'-ஐயும் சேர்த்து அழுத்தியிருப்பீர்கள். டெர்மினலில் அது திரைக்கு வரும் தரவை நிறுத்தி வைக்கும் ஆணை. கன்ட்ரோலுடன் 'கியூ' அழுத்துங்கள். இடையில் தட்டியவை எல்லாம் சர்வரைச் சென்றடைந்தே இருக்கும் என்பதால், பொறுமையிழந்து பல விசைகளை அழுத்தாமல் இருப்பது முக்கியம்.

கேள்வி: லினக்ஸ் சர்வரில் தமிழில் தட்டச்சு செய்ய முடிகிறது, ஆனால் சில இடங்களில் பேக்ஸ்பேஸை அழுத்தினால் எழுத்து போன பின்பும் குப்பை மீந்து, கோப்பில் கேள்விக்குறிகளாகத் தெரிகிறது. — வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: எழுத்துகளைப் பைட்களாகப் பதியும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட் பிடிக்கிறது. 'கு' என்பது ககரமும் உகரக் குறியுமாக ஆறு பைட். உள்ளீட்டு வரியைக் கவனிக்கும் லினக்ஸ் கெர்னலுக்கு (இயங்குதளத்தின் மையப் பகுதிக்கு) அது யூடிஎஃப்-8 என்று தெரியாவிட்டால், ஒரு பேக்ஸ்பேஸுக்கு ஒரே ஒரு பைட்டை மட்டும் அழிக்கும். மீதமுள்ள இரண்டும் பொருளற்ற துண்டுகளாகக் கோப்பில் தங்கிவிடும். கட்டளைகளைப் பெற்று இயக்கும் பாஷ் ஷெல்லின் கட்டளை வரி தன் திருத்தத்தைத் தானே பார்த்துக்கொள்வதால் அங்கே இந்தக் கோளாறு பெரும்பாலும் தெரிவதில்லை; 'கேட்' போன்ற எளிய கட்டளைகளுக்குத் தட்டும்போதுதான் வெளிப்படுகிறது.

முதலில் புட்டியின் 'விண்டோ' என்பதன் கீழுள்ள 'டிரான்ஸ்லேஷன்' பகுதியில் யூடிஎஃப்-8 இருப்பதை உறுதி செய்யுங்கள். அடுத்து எஸ்டிடிஒய் கட்டளையை 'ஐயூடிஎஃப்8' என்ற சொல்லுடன் கொடுங்கள். இந்தத் தகவலை எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான தொலை இணைப்பிலேயே சேர்த்து அனுப்பும் முறை 2017-இல் ஏற்கப்பட்டது. இரு பக்கமும் அதை அறிந்த பதிப்புகளாக இருந்தால் தாங்கள் எதுவும் செய்ய வேண்டியிருக்காது. டெல்நெட் என்ற பழைய இணைப்பு முறையிலோ பழைய பதிப்புகளிலோ நுழைபவர்கள் அந்தக் கட்டளையைத் தங்கள் உள்நுழைவுக் கோப்பில் எழுதி வைக்கலாம். அதன் பிறகும் 'கு' ஒரே தட்டலில் முழுதாக அழியாது: முதல் தட்டலில் உகரக் குறி போய் 'க' நிற்கும், இரண்டாம் தட்டலில் அதுவும் போகும்.